நாலரை அங்குலம்

இதனால் சகல ஜனங்களுக்கும், முக்கியமாகச் சண்டை போடும் வழக்கமுள்ள ஜனங்களுக்கும், தெரிவிப்பது என்னவென்றால்: மகா யுத்தம் ஐந்தாவது வருஷமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவிலும் பர்மாவிலும் பெரிய பெரிய மூளைகள் ஒன்றுகூடியும் குணப்படுத்த முடியாத சச்சரவு என்னும் வியாதிக்குத் திருத்தணியில் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் தாலூகா கச்சேரியில் சிரஸ்ததாராக இருந்து ஓய்வுபெற்ற கோதண்டபாணி. மருந்தின் பெயர் பாதி.

ஒருவன் பத்து என்கிறான், இன்னொருவன் நாலு என்கிறான். ஏழு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். இதில் யார் சொல்வது சரி என்று விசாரிக்கிற தொல்லை கிடையாது. சாட்சி வேண்டாம், அளவுகோல் வேண்டாம், விஷயம் தெரிந்திருக்கவே வேண்டாம். விஷயம் தெரிந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடிய அபாயம் உண்டு என்பது சிரஸ்ததாரின் அபிப்பிராயம். அந்த அபாயத்துக்கு அவர் ஆயுளில் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்டவர் யாத்ரீகர் சத்திரக் கட்டடக் கமிட்டிக்குத் தலைவரானதில் ஆச்சரியமில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிற ஜனம் மலையடிவாரத்தில் மழையில் கிடக்கிறதே என்று ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேருக்கு ஒரே நாளில் இரக்கம் சுரந்து, அது வற்றுவதற்குள் கமிட்டியாக மாறிவிட்டது. சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் இடம் கிடைத்தது. சாமான் கொண்டுவருவது காண்ட்ராக்டர் பரந்தாமன். கட்டுவது தானியேல் மேஸ்திரி.

இந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது என்று ஊரே சொன்னது. கோதண்டபாணி சிரித்தார். நோயாளி கிடைத்த வைத்தியருக்கு வருகிற சிரிப்பு. ஒப்பந்தப் பத்திரத்தில் பதினேழாவது ஷரத்து என்று தம் கையாலேயே ஒன்றை எழுதிச் சேர்த்தார். மேஸ்திரிக்கும் காண்ட்ராக்டருக்கும் அபிப்பிராய பேதம் வந்தால் உடனே தலைவரிடம் சொல்ல வேண்டியது. தலைவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியது. விசாரணையில் எவர் குரலை உயர்த்துகிறாரோ அவர் கட்சி தள்ளுபடி.

கடைசி வரியில் தானியேல் மேஸ்திரியின் கதை முடிந்துவிட்டது. அவருக்கு இருப்பது ஒரே குரல்தான், அது உயர்ந்த குரல். வேதக்கோவிலில் ஜெபம் பண்ணினால்கூட ஆண்டவரோடு வரப்புச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். பாதிரியாரே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மனசுக்குள்ளேயே ஜெபித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

முதல் தகராறு அஸ்திவாரத்தில் வந்தது. பொய்கைப் பக்கத்து மண், களி. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஐந்தடி தோண்ட வேண்டும் என்றார் தானியேல். மூன்றடி போதும் என்றார் பரந்தாமன். இருவரும் வாக்கியத்தை முடிப்பதற்குள் "நாலு" என்றார் கோதண்டபாணி. காப்பி ஆறவில்லை, தகராறு ஆறிவிட்டது என்று கமிட்டி மெம்பர் ஒருவர் வியந்தார்.

தானியேலுக்கு அன்றைக்கு இருந்த கோபத்துக்கு அஸ்திவாரத்திலேயே ஆறு பேரையும் நிற்கவைத்து மண் தள்ளியிருப்பார். ஆனால் அவர் செய்தது வேறு. மறுநாள் கோழி கூவுகிற நேரத்துக்குத் தம் கையாள் வேடியப்பனையும் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒருத்தருக்கும் தெரியாமல் இன்னும் ஓர் அடி தோண்டிக் கல்லைப் போட்டு மூடினார். மூன்று விடிகாலைகள். பரந்தாமன் வருவதற்குள் கையைக் கழுவிக்கொண்டு, நாலடிக் குழிக்குப் பக்கத்தில் நாலடிக் குழிக்காரர் மாதிரி நின்றார்.

ஊருக்கு நல்லது செய்ததாக நினைத்தார். உண்மையில் ஒரு முட்டாள் தீர்ப்புக்கு முட்டுக் கொடுத்திருந்தார். சித்திரையில் ஒரு பேய்மழை. அடுத்த மனை மதில் மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்தது. சத்திரத்துச் சுவரில் ஒரு மயிர்க்கோடு இல்லை. கோதண்டபாணி குடையோடு வந்து சுவரைத் தட்டிக் கொடுத்தார்.

"பார்த்தீர்களா? நாலடி!"

தானியேல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்பை நீற்றி ஊறப்போடும் நாள் கணக்கிலும் இதே கதை. இருபது நாள் என்றார் இவர், பத்து என்றார் அவர், பதினைந்து என்று தீர்ப்பாகி, தானியேல் ஐந்து நாள் முன்னாலேயே களவாக ஊறப்போட்டு இருபதாக்கினார். பூச்சு கண்ணாடி மாதிரி நின்றது. பாதியின் புகழ் அரக்கோணம் வரை பரவியது.

அப்புறம் உத்திரங்கள் வந்தன.

ஆனி மாதக் கடைசியில் இரண்டு மாட்டுவண்டியில் எட்டு உத்திரங்கள் வந்து இறங்கின. தானியேல் ஊரில் இல்லை. மணவூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அவர் திரும்பிவருவதற்குள் பரந்தாமன் ஆள் வைத்து எட்டையும் சுவர்மேல் ஏற்றி, குறுக்குக் கட்டை பரப்பி, அதன்மேல் செங்கல்லும் அடுக்கிவிட்டிருந்தார். இவ்வளவு சுறுசுறுப்பு அந்த மனிதரிடம் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. தானியேல் ஏணி வைத்து ஏறி அளந்தார். இறங்கும்போது காது வரை சிவந்திருந்தது. நேராகச் சிரஸ்ததார் வீட்டுக்கு நடந்தார். பரந்தாமன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். மெம்பர்கள் சிலரும் இருந்தார்கள்.

"ஐயா," என்றார் தானியேல். குரலை எங்கேயோ அடிவயிற்றில் கட்டிவைத்துப் பேசினார். "சுவருக்குச் சுவர் பன்னெண்டு அடி. ரெண்டு பக்கமும் உத்திரம் ஒம்பது ஒம்பது அங்குலம் சுவத்து மேல படுக்கணும். அதுக்குதான் பதிமூணரை அடி மரம் கேட்டேன். வந்துகீறது பன்னெண்டே முக்கால். ஒரு பக்கத்துக்கு நாலரை அங்குலம்தான் நிக்கிது. அதுவும் ஓரத்துல. மேல்வரிசை இப்பதான் வெச்சது, பச்சை, இன்னும் இறுகல. ஓரம் பிட்டுகினா உத்திரம் உள்ள வந்துடும்."

"யுத்த காலங்க," என்றார் பரந்தாமன். "மரமெல்லாம் மிலிட்டரிக்குப் போய்கினு கீது. டிப்போவுல நாலு நாள் நாயா நின்னு வாங்கியாந்தேன். மூணு விரல் நின்னாலே உத்திரம் நிக்குங்க. ஆடிக் கிருத்திகைக்குத் திறப்பு விழான்னு கார்டு அடிச்சாச்சு, சித்தூர்லேர்ந்து பெரிய ஆபீசர் வரப்போறாரு. வேதக்காரரு, அவருக்கு அந்த அவசரம் எங்க புரியப் போவுது?"

அடிவயிற்றுக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

"இடிஞ்சி விழறப்போ கீழ இருக்கிறவன் விபூதி வெச்சவனா சிலுவை போட்டவனான்னு பாத்துகினு விழாதுய்யா உத்திரம்!"

கோதண்டபாணி ஒற்றை விரலைத் தூக்கினார். "குரல். பதினேழாவது ஷரத்து."

"ஷரத்து கெடக்குது ஐயா, மேல ஆளுங்க ஏறப் போறாங்க!"

"கட்சி தள்ளுபடி ஆகிவிட்டது. இருந்தாலும் தீர்ப்பு சொல்கிறேன், அது என் கடமை." கண்ணை மூடிக்கொண்டார். "நீர் கேட்பது ஒன்பது அங்குலம். ஒன்றுமே இல்லாவிட்டால் உத்திரம் நிற்காது என்பது எனக்கும் தெரியும். ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே எவ்வளவு?"

"நாலரை," என்றார் ஒரு மெம்பர்.

"சுவர்மேல் இருப்பது எவ்வளவு?"

"நாலரை," என்றார் மெம்பர், தாமே உத்திரத்தைத் தூக்கி வைத்தவர் மாதிரி.

கோதண்டபாணி கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒரு தெய்விகக் களை. "ஆக, சமரசம் மரத்திலேயே ஏற்பட்டுவிட்டது! நான் செய்ய ஒன்றுமே இல்லை!"

தளம் போடுவது என்றால் என்னவென்று அந்தச் சபையில் தானியேலைத் தவிர யாருக்கும் தெரியாது. பரந்தாமனுக்குத் தெரியும், ஆனால் அவர் முறுக்கில் கவனமாக இருந்தார். உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டை, அதன்மேல் செங்கல், அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும். அத்தோடு முடிகிறதா? பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் ஐந்து நாள் அடிக்க வேண்டும். அடித்த கட்டை எம்பித் திரும்பி வருகிற வரைக்கும் அடிக்க வேண்டும். கல்லும் ஈரமும் ஆளும் அடியும் எல்லாம் அந்த நாலரை அங்குலத்தின் மேல்.

இதைத் தானியேல் சொன்னார். இந்தத் தடவை குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது.

கோதண்டபாணி யோசித்தார். மனிதாபிமானம் அவருக்கும் உண்டு. "சரி. பன்னிரண்டு பேர் ஏற வேண்டாம். ஆறு பேர் ஏறட்டும்."

"ஆறு பேருன்னா பத்து நாள் ஆவும் ஐயா. அதுக்குள்ள சுண்ணாம்பு இறுகிப்பூடும்."

"ஐந்து நாள் என்கிறது வழக்கம், பத்து என்கிறீர் நீர். ஏழரை நாள்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

தானியேல் தெருவில் இறங்கி நடந்தார். எதிரே வந்த ஒரு நாயை வைதார். நாய் இதற்கு முன்பும் வசவு வாங்கியிருக்கிறது, ஆனால் ஷரத்து, சிரஸ்ததார் என்ற வார்த்தைகளெல்லாம் கலந்து வாங்கியது அன்றுதான்.

அவர் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மணவூரில் ஓர் அரிசிக் கிடங்குக்கு இதே மாதிரி உத்திரம் குட்டையாக வந்தது. தானியேல் அப்போது சின்ன மேஸ்திரி. முதலாளியிடம் போய் மரியாதையாக, மெதுவான குரலில், ஒரே ஒரு தடவை சொன்னார். பார்த்துக்கலாம் போ என்றார் முதலாளி. போய்விட்டார். நாலாம் நாள் உத்திரத்தின் முனை நழுவியது. மேலே கட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களில் பூவம்மாள் என்ற பெண்ணுக்கு இடுப்பு போயிற்று. இன்றுவரை அவள் கையை ஊன்றித்தான் வீட்டுக்குள் நகர்கிறாள். அன்றிலிருந்து தானியேலுக்கு மெதுவான குரல் என்பதே வரவில்லை.

பூவம்மாளின் அக்காள் கன்னியம்மாள்தான் இப்போது சத்திரத்துத் தளம் அடிக்க வந்திருக்கிற பன்னிரண்டு பெண்களுக்குத் தலைவி.

அவள் சத்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து செங்கல் உடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் நிற்காமலேயே கேட்டாள்.

"இன்னா மேஸ்திரி, மூஞ்சி ஏன் செங்கல்லு மாதிரி கீது?"

"கன்னிம்மா, மேல ஏறாதீங்க. ஒருத்தி ஏறக் கூடாது. நாலரை அங்குலம்தான் நிக்கிது."

சுத்தியல் நின்றது. சுவர் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நாங்க ஏறலன்னா இன்னா ஆவும்? அரக்கோணத்துலேர்ந்து வேற பன்னெண்டு பேர இட்டாருவான் அந்தக் காண்ட்ராக்டரு. அதுங்களுக்கு இடுப்பு இல்லியா? நீ இன்னா பண்ணே அங்க?"

"சத்தம் போட்டேன்."

"அதான் தெனம் போடறியே. போட்டு இன்னா ஆச்சு?"

"ஆறு பேரு ஏறட்டும்னு தீர்ப்பு சொல்லிட்டாரு."

கன்னியம்மாள் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "அப்போ ஆறு பேரு இடுப்பு போனா பரவால்லயா? நல்ல நாயம். மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அஸ்திவாரம் எத்தினி அடி?"

தானியேல் திருதிருவென்று விழித்தார்.

"அஞ்சு. வேடியப்பன் என் தம்பிதானே, எங்கிட்ட சொல்லாம இருப்பானா? நீ பொழுது விடியறதுக்குள்ள வந்து வந்து மூடி வெச்சே. அந்தாளு என்னாடான்னா தான் சொன்ன நாலடிதான் நிக்குதுன்னு பெரிய எஞ்சினீரு கணக்கா குடை புடிச்சிகினு திரியறாரு. உன் கையால நீயே வளர்த்து வுட்டுட்டு, இப்போ எங்கிட்ட வந்து ஏறாத ஏறாதன்றியே?"

தானியேலுக்கு வந்த கோபத்தில் காண்ட்ராக்டருக்கும் சிரஸ்ததாருக்கும் பங்கு இல்லை. முழுக்கத் தமக்கே வைத்துக்கொண்டார்.

"உத்திரத்த களவா நீட்ட முடியாது, கன்னிம்மா."

"முடியாதுல்ல? அப்போ நாளைக்கு நீ வாயத் தொறக்காத. ஒரு வார்த்த பேசக் கூடாது. மாதா மேல ஆணையா?"

"நாங்க மாதா மேல ஆணை வெக்கிற சபை இல்ல," என்றார் தானியேல்.

"ஏதோ ஒண்ணு மேல வெய்யி."

மறுநாள் நல்ல நாள். தளம் அடிக்கத் தொடங்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்துக்கு உடையவர் தளத்தின் மேல் ஏறி, தேங்காய் உடைத்து, மஞ்சள் பூசிய கட்டையால் முதல் அடி அடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெண்கள் அடிக்கத் தொடங்குவார்கள். மேலே ஏறிச் செய்ய வேண்டியதை இப்போதெல்லாம் கீழேயே ஏணிக்கால் பக்கத்தில் செய்து முடித்துவிடுகிறார்கள். கோதண்டபாணியும் அப்படித்தான் எண்ணி, ஜரிகை அங்கவஸ்திரம், மாலை, ஒரு ஜோடி நாயனம் சகிதம் வந்திருந்தார். கமிட்டி முழுக்க வந்திருந்தது. சும்மா வேடிக்கை பார்க்க வந்த ஜனம் அதைவிட அதிகம்.

பன்னிரண்டு பெண்களும் தலையில் கட்டிய துணியும் கையில் கட்டையுமாக வரிசையாக நின்றார்கள். கன்னியம்மாள் தட்டோடு முன்னால் வந்தாள். தட்டில் தேங்காய், கற்பூரம், ஆறு புதுக் கட்டைகள்.

"இது ஏன் ஆறு?" என்றார் கோதண்டபாணி.

"ஐயா நாயஸ்தரு," என்றாள் கன்னியம்மாள், தெருக்கோடி வரை கேட்கிற குரலில். அவள் கட்சிக்காரி அல்ல, ஆகையால் பதினேழாவது ஷரத்து அவளைத் தொடவில்லை. "பன்னெண்டு பேரு நிக்கிற எடத்துல ஆறு பேரு ஏறுங்கன்னு ஐயா சொல்லிட்டீங்க. சரிங்க, ஆறு பேரு ஏறறோம். மீதி ஆறு எடம் காலியா கீது. கமிட்டியிலயும் சரியா ஆறு பேருதான். முதல் அடி உடையவங்க மேல நின்னுதான் அடிக்கணும். ஆறு நாங்க, ஆறு நீங்க. பாதிப் பாதி."

கூட்டத்தில் யாரோ "அப்படிப் போடு" என்றார்கள். நாயனக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் நாயனத்தைக் கீழே வைத்தார்.

மெம்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவருக்கு முட்டிவலி நினைவு வந்தது. ஒருவர் தமக்குக் கோர்ட்டில் வாய்தா இருப்பதாகச் சொன்னார், அன்று ஞாயிற்றுக்கிழமை. கோதண்டபாணிக்குத்தான் வழியில்லை. பாதி என்ற வார்த்தையை மறுத்தால் அப்புறம் அவரிடம் மிச்சம் ஒன்றும் கிடையாது.

"அதற்கென்ன, ஏறுகிறேன்," என்றார். ஏணியில் கால் வைப்பதற்கு முன் பரந்தாமனைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டதாக அவர் நினைத்தார். "ஏன் ஐயா, அந்த நாலரை அங்குலம் போதும்தானே?"

"பொம்பளைங்களுக்குப் போதும்னுதாங்க சொன்னேன்," என்றார் பரந்தாமன். "ஐயா ஏறுவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

பன்னிரண்டு பெண்களுக்கும் அது கேட்டது. கையிலிருந்த கட்டைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பரந்தாமன் நாலடி பின்னால் நகர்ந்தார். தானியேலின் கையில் தூக்குக்குண்டு இருந்தது. அதன் கூர்முனை உள்ளங்கையில் பதிந்து தோலைக் கிழித்தது. வாயைத் திறக்கவில்லை. பூவம்மாள் கையை ஊன்றி நகர்ந்து வாசல் வரை வந்து எட்டிப் பார்ப்பதை முந்தாநாள்தான் மணவூரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். பரந்தாமனின் கழுத்துக்கும் தமக்கும் இடையே எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்தார். அதில் பாதிகூட அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஏணிக்குப் பன்னிரண்டு படி. கோதண்டபாணி ஆறாவது படியில் நின்றுவிட்டார். பழக்கதோஷம்.

அங்கே நின்றால் உத்திரத்து முனை சரியாகக் கண்ணுக்கு நேரே இருந்தது. நாலரை அங்குலம் என்பது வாயால் சொல்லும்போது இருந்த அளவுக்கு அங்கே இல்லை. கட்டைவிரலால் சுவரின் ஓரத்தைத் தொட்டார். ஓரம் பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்து அவர் மீசையில் கொட்டியது. உத்திரம் ஒரு சின்ன முனகல் முனகியது. மேலே அப்போது ஒரு காக்கைதான் நின்றுகொண்டிருந்தது.

சிரஸ்ததார் ஏறினதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கினார்.

"வேலையை நிறுத்துங்கள்!" என்றார், மாகாணத்தையே நிறுத்துகிற தோரணையில். "இதில் ஒரு குறை இருக்கிறது. நான் கண்டுபிடித்துவிட்டேன்."

"குறைய சரி பண்ண வழி கீதா மேஸ்திரி?" என்று கன்னியம்மாள் கேட்டாள். அப்போதுதான் தானியேலுக்கு வாய் கிடைத்தது.

"கீது. உத்திரத்த எறக்கி, ஒவ்வொரு முனைக்கும் அடியில சுவத்துக்குள்ள ஒரு கருங்கல்ல செருவணும். கல்லு அரை அடி வெளிய நீட்டிகினு இருக்கும், உத்திரம் அதும்மேல படுத்துக்கும். மலையடியில கல்லு கெடைக்கும். பதினாறு கல்லு."

கோதண்டபாணிக்கு மூச்சு சீரானதும் பழைய வியாதி திரும்பியது. "பதினாறு அதிகமாகத் தோன்றுகிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்தால்... எட்டு?"

தானியேல் தூக்குக்குண்டை ஓங்கிவிட்டார். கன்னியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"வெய்யுங்க ஐயா, எட்டு போதும்," என்றாள். "கல்லு வெச்ச பக்கம் நாங்க ஆறு பேரும் குந்திக்கிறோம். வெக்காத பக்கம் கமிட்டி."

கோதண்டபாணி அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார். "பதினாறு," என்றார்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் அப்புறம்.

"ஆறு."

மூன்று என்று சொல்ல அவர் உதடு குவிந்தது. எல்லோரும் அந்த உதட்டையே பார்த்தார்கள். மீசையில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது. "ஆறு," என்றார். ஒரு முழு எண்ணை அப்படியே விழுங்கியது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும், தண்ணீர் கேட்டார்.

பதினாறு கல்லையும் பரந்தாமனே வண்டியோடு நடந்து கொண்டுவந்தார். ஆறு நாளில் கல் வைத்தாயிற்று. பன்னிரண்டு பெண்களும் ஐந்து நாள் அடித்தார்கள். முதல் நாள் முழுக்கத் தானியேல் தளத்தின் மேலேயே, அவர்களுக்கு நடுவே, குந்தியிருந்தார். இறங்கச் சொன்னால் வைதார். ஐந்தாம் நாள் சாயங்காலம் கன்னியம்மாள் அடித்த கட்டை ஒரு சாண் எம்பித் திரும்பி வந்தது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, "மணவூருக்கு ஆள் போனா பூவம்மாகிட்ட சொல்லச் சொல்லு," என்றாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தினநாள் திறப்பு விழா. சித்தூர் ஆபீசர் வந்தார். சமரசத்தால் எழும்பிய சத்திரம் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொற்பொழிவு செய்தார்கள். தலைவர் உயிரைத் துச்சமாக எண்ணி ஏணியேறிக் குறையைக் கண்டுபிடித்த கதையை மூன்றாமவர் சொல்லும்போது ஏணிக்கு இருபது படி ஆகியிருந்தது. கடைசியில் கோதண்டபாணி எழுந்தார்.

"இந்தக் கட்டடமே சாட்சி. ஐந்தடி என்றார் ஒருவர், மூன்றடி என்றார் ஒருவர். நாலடி என்றேன். நிற்கிறதா, இல்லையா?"

பின்வரிசையில் தானியேல் எழுந்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி ரெபேக்காள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பயனில்லை.

"அஞ்சடிய்யா!" சத்திரம் அதிர்ந்தது. நல்ல கட்டடமாகையால் அதிர்ந்ததோடு சரி. "அஞ்சடி! நான் தோண்டினேன்! விடிகாலையில திருட்டுத்தனமா தோண்டினேன்! சுண்ணாம்பும் இருபது நாள்! உங்க பாதி எதுவும் இந்தச் சுவத்துல இல்ல! ஒரு செங்கல்லுலயும் இல்ல! இன்னிக்கி நிக்கிதுன்னா நீங்க சொன்னத கேக்காததால நிக்கிது!"

ஆபீசர் பக்கத்திலிருந்தவரிடம் என்ன விஷயம் என்று தெலுங்கில் விசாரித்தார். மேஸ்திரிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பதில் வந்தது.

மறுநாளே கமிட்டி கூடியது. தலைவரின் நாலடித் தீர்ப்பை மீறி, அனுமதியின்றி ஓர் அடி அதிகமாகத் தோண்டிய குற்றம் விசாரணைக்கு வந்தது. இனி இந்தத் தாலூகாவில் தானியேலுக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்றார் ஒரு மெம்பர். போனால் போகிறது, மன்னித்துவிடலாம் என்றார் இன்னொருவர். கோதண்டபாணி கண்ணை மூடி யோசித்து, ஆறு மாதத்துக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். பிரசங்கத்தின்போது குரலை உயர்த்தியதும் குறிப்பில் ஏறியது.

அந்த ஆடிக் கிருத்திகைக்குச் சத்திரத்துக்குள்ளே இருநூறு பேர் காவடியோடு படுத்துத் தூங்கினார்கள். மழை பெய்தது. ஒழுகவில்லை.

அடுத்த மாதம் நந்தியாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுவதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். கோதண்டபாணிதான் தலைவர்.